லினக்ஸ் முறைமையில் முன்னுரிமையும் விட்டுக்கொடுத்தலும்

பலர்க்குப் பொதுவாயமைந்த பொருளொன்றை அவர் தம்முட் பகிர்ந்துகொள்ளும் நெறி யாது என்னும் வினா மிகப் பழையது. பங்குக் கிணற்று நீரைத் தோட்டக்காரர் முறைவைத்து இறைத்துக்கொள்வது அவ்வினாவுக்கு அவர் கண்ட விடையாகும். முறை இல்லாவிடத்து வலியவன் நீரைக் கொள்வான். எளியவன் பயிர் வாடும். இவ்வினா உயிரில்லாக் கருவியாகிய கணினியினுள்ளும் எழுகின்றது. அதற்கு விடைகாண முயன்ற அறிஞர் வகுத்த நெறிகளுள் ஒன்று லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இன்றும் வழங்கிவருகின்றது. இயங்கிக்கொண்டிருக்கும் வேலைகளுள் எதற்கு முதலிடம், எதற்குப் பின்னிடம் என்பதை, அவ்வேலைகளை நிறுத்தாமலே மாற்றியமைக்கும் வழி அது. அவ்வழியின் இயல்பும் பயனும் எல்லையும் ஈண்டு ஆராயப்படும்.

செயலியும் முறைவழியும்

கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதி செய்நிரல் எனப்படும். ஏட்டில் எழுதிவைத்த சமையற் குறிப்பு உணவாகாதவாறு போல, வன்தட்டில் உறங்கும் செய்நிரலும் வேலையாகாது. அது நினைவகத்தில் ஏற்றப்பட்டு இயங்கத் தொடங்கியபின் முறைவழி என்னும் பெயர் பெறும். ஒவ்வொரு முறைவழிக்கும் பணிசெயல் முறைமை ஓர் அடையாள எண்ணை வழங்குகின்றது.

கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் உறுப்பு மத்திய முறைவழி அலகாகும். அதனைச் சுருக்கமாகச் செயலி எனலாம். செயலியின் ஒரு கூறு ஒரு கணத்தில் ஒரு முறைவழிக்கே பணிசெய்யும் எனக் கொள்க. இக்காலச் செயலிகளில் நான்கு, எட்டு, அவற்றினும் மிக்க கூறுகள் உளவேனும், இயங்க விரும்பும் முறைவழிகள் அவற்றினும் பலவாதல் உண்டு. ஆதலின், முறைமையின் கரு எனப்படும் அடிப்படைப் பகுதி செயலியின் நேரத்தை மிகச் சிறு துண்டுகளாக்கி, காத்துநிற்கும் முறைவழிகளுக்கு மாறிமாறி வழங்குகின்றது. அத்துண்டுகள் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில பங்கு என்னும் அளவின. மாற்றம் இத்துணை விரைவில் நிகழ்தலின், எல்லாம் ஒருங்கே நடப்பன போல மனிதர் கண்ணுக்குத் தோன்றும்.

இங்ஙனம் வழங்கும்போது எல்லார்க்கும் ஒரே அளவாக வழங்குவதா, சிலர்க்குக் கூட்டியும் சிலர்க்குக் குறைத்தும் வழங்குவதா? இவ்விடத்தேதான் முன்னுரிமை என்னும் கருத்துத் தோன்றுகின்றது.

பங்கீட்டின் வரலாறு

முற்காலக் கணினிகளில் இவ்வினா எழவில்லை. ஆய்வாளர் தம் வேலையைத் துளையட்டைகளில் பதித்து ஒப்படைப்பர். இயக்குநர் அவற்றைக் கட்டுக்கட்டாகக் கணினிக்கு ஊட்டுவர். விடை பல மணிநேரம் கழித்தோ மறுநாளோ வரும். ஒரு சிறு பிழை இருப்பின் மீண்டும் ஒருநாட் காத்திருப்பு. கணினியின் நேரம் விலைமிக்கதெனக் கருதப்பட்டமையால் மனிதனின் நேரம் செலவிடப்பட்டது.

இந்நிலையை மாற்ற வேண்டுமென அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜோன் மெக்கார்த்தி 1959ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு வரைந்தார். பலர் ஒரே கணினியின் நேரத்தைப் பகிர்ந்து, ஒவ்வொருவரும் அது தமக்கேயுரியது போலப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. அந்நிறுவகத்துப் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் குழுவினரும் 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அத்தகைய முறைமையொன்றை இயக்கிக் காட்டினர். 1962இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நுட்பமான ஏற்பாடு காணப்படுகின்றது. வேலைகள் பல வரிசைகளாக வகுக்கப்பட்டன. குறுகிய வேலை மேல்வரிசையில் நின்று விரைவில் முடிந்து செல்லும். தனக்கீந்த நேரத்துள் முடியாத வேலை கீழ்வரிசைக்கு இறங்கும். ஆங்கே அதற்கு முறை அரிதாக வரும், வரும்போது நெடுநேரம் கிடைக்கும். நெடிய வேலை குறுகிய வேலைக்கு வழிவிட வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு கணினியியலிற் காலூன்றியது.

ஆயின், வழிவிடுதலுக்கும் ஓர் எல்லை வேண்டும். அதே நிறுவகத்திலிருந்த ஐபிஎம் 7094 என்னும் கணினி 1973இல் நிறுத்தப்பட்டபோது, 1967இல் ஒப்படைக்கப்பட்ட தாழ்ந்த முன்னுரிமை வேலையொன்று அதுவரை ஒருமுறையேனும் இயங்காமற் கிடந்தது கண்டறியப்பட்டதாம். இது செவிவழிச் செய்தியென்னும் குறிப்புடனேயே பாடநூல்களிற் கூறப்படுகின்றது. செய்தியின் மெய்ம்மை எவ்வாறாயினும் அது உணர்த்தும் உண்மை தெளிவானது. தாழ்ந்தோர்க்கும் ஒரு பங்கு உறுதிசெய்யப்படாவிடின், அவர் முறை என்றும் வாராது போகலாம். கணினியியலார் இதனைப் பட்டினி என்றே பெயரிட்டு வழங்குவர்.

இணக்கத்தின் எண்

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் முறைமையை ஆக்கத் தொடங்கினர். 1991இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் நெறியைப் பின்பற்றி லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். யுனிக்ஸிலிருந்து லினக்ஸ் மரபுரிமையாகப் பெற்றவற்றுள் ‘நைஸ்’ என்னும் கட்டளையும் ஒன்று.

நைஸ் என்பது ஆங்கிலத்தில் இனிமை, பிறரோடு இணங்கி நடக்கும் பண்பு என்னும் பொருள்பட வருஞ் சொல். முன்னுரிமையைக் குறிக்கும் எண்ணுக்கு இப்பெயர் இட்டமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவ்வெண் ஒரு முறைவழி எவ்வளவு பெறவேண்டும் என்பதை அளப்பதன்று. எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதை அளப்பது. ஆகவே எண் பெருகப் பெருக முன்னுரிமை குறையும். லினக்ஸில் அது எதிர் 20 முதல் நேர் 19 வரை அமையும். முறைவழிகள் பொதுவாகப் பூச்சியத்தில் தொடங்குவன. நேர் 19 பெற்ற முறைவழி மிக இணக்கமுடையது. எதிர் 20 பெற்றது விட்டுக்கொடாதது. புதிதாகக் கற்போர் இவ்வெண்ணைப் பரீட்சைப் புள்ளி போலக் கருதி, பெரிய எண் கொடுத்தால் வேலை விரையும் என எண்ணி மயங்குதல் உண்டு. பெயரின் பொருளை நினைவிற் கொண்டால் அம்மயக்கம் நீங்கும்.

எண்ணின் பயன்

இவ்வெண் செயலியின் நேரத்தை எவ்வாறு பிரிக்கின்றது? 2007ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த 2.6.23 என்னும் பதிப்பில், ஹங்கேரி நாட்டவரான இங்கோ மொல்னார் ஆக்கிய நேர்மைப் பங்கீட்டு முறை இடம்பெற்றது. மயக்கமருந்து மருத்துவராயிருந்துகொண்டே கணினியின் கருவை ஆராய்ந்த அவுஸ்திரேலியர் கொன் கொலிவாஸ் என்பாரின் முன்முயற்சிகள் அதற்குத் தூண்டுகோலாயின. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த 6.6 என்னும் பதிப்பில், பீற்றர் ஸைல்ஸ்ட்ரா அமைத்த வேறொரு முறை அதன் இடத்தைப் பெற்றது. அயன் ஸ்டொய்கா, ஹுசைன் அப்தெல் வஹாப் என்னும் இருவர் 1995இல் விளக்கிய கோட்பாடே இப்புதிய முறையின் அடிப்படை. அடுத்து யாரை அழைப்பது என்னும் முடிவில் இவ்விரு முறைகளும் வேறுபடினும், பங்கின் அளவைக் காண்பதில் ஒரே அட்டவணையையே கொள்வன.

அவ்வட்டவணை ஒவ்வொரு நைஸ் எண்ணுக்கும் ஒரு நிறையை வகுக்கின்றது. பூச்சியத்துக்கு நிறை 1024, ஒன்றுக்கு 820, ஐந்துக்கு 335, பத்துக்கு 110, பத்தொன்பதுக்கு 15. எதிர் 20க்கு 88,761. எண் ஒன்றால் உயருந்தோறும் நிறை ஏறத்தாழ ஒன்றேகாலால் வகுக்கப்படுவதைக் காண்க. ஒரே செயலிக்கூற்றுக்குப் போட்டியிடும் முறைவழிகள், தத்தம் நிறையின் விகிதப்படி நேரத்தைப் பெறும்.

இரு முறைவழிகள் ஓயாது கணக்கிடுவனவெனக் கொள்வோர்க்குப் பின்வரும் முடிவுகள் கிட்டும். இரண்டும் பூச்சியமாயின் நூற்றுக்கு 50 வீதம் ஒவ்வொன்றும் பெறும். ஒன்று பூச்சியமும் மற்றையது ஒன்றுமாயின் ஏறத்தாழ 55க்கு 45 என்னும் பிரிவு அமையும். பூச்சியமும் ஐந்துமாயின் 75க்கு 25. பூச்சியமும் பத்துமாயின் 90க்கு 10. பூச்சியமும் பத்தொன்பதுமாயின் 98.6க்கு 1.4. ஈற்றில் நிற்பதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு, அது பூச்சியமாவதில்லை. 7094ஐப் பற்றிய கதையிற் கண்ட பட்டினி இங்ஙனம் விலக்கப்பட்டுள்ளது.

ஈண்டு இரண்டு உண்மைகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, நைஸ் எண் வேகத்தைத் தருவதன்று; பங்கை மாற்றுவது. போட்டியில்லாத இடத்தில் அதனால் ஒரு வேறுபாடும் இல்லை. கணினி ஓய்ந்திருக்கும் நள்ளிரவில், நேர் 19 பெற்ற முறைவழியும் செயலி முழுவதையும் பெற்று முழுவேகத்தில் இயங்கும். நான்கு கூறுகளையுடைய செயலியில் இரண்டே வேலைகள் நடப்பின், ஒவ்வொன்றும் ஒரு கூற்றைத் தனதாக்கிக்கொள்ளும். ஆங்கு யாரும் யார்க்கும் விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, பங்கு என்பது ஒப்புநோக்கில் அமைவது. எல்லா முறைவழிகளுக்கும் எதிர் 20 வழங்கின், எல்லாவற்றுக்கும் பூச்சியம் வழங்கியதனோடு அது பங்களவில் ஒக்கும். யாவரும் முதல்வராயின் முதல்வர் எவருமிலர்.

விட்டுக்கொடுப்போர் இழப்பது யாது?

தம் வேலையின் முன்னுரிமையைத் தாமே தாழ்த்துவதற்குப் பலர் தயங்குவர். வேலை தாமதமாகும் என்பது அவர் அச்சம். அவ்வச்சம் எத்துணைப் பொருளுடையது என்பதைக் கணக்கிட்டுக் காணலாம்.

ஒரு செயலிக்கூற்றில் பத்து மணிநேரம் கணக்கிடவேண்டிய ஆய்வுவேலை ஒன்று நடக்கின்றது எனக் கொள்க. இடையே ஒருவர், ஒரு நிமிடக் கணக்கு வேண்டிய சிறுவேலை ஒன்றைத் தொடங்குகின்றார். இருவரும் சமபங்கு பெறின், சிறுவேலை இரண்டு நிமிடத்தில் முடியும். அவ்விரண்டு நிமிடத்தில் ஒரு நிமிடத்தை இழந்த ஆய்வுவேலை பத்து மணி ஒரு நிமிடத்தில் முடியும். இனி, ஆய்வுவேலைக்கு நேர் 19 வழங்கப்பட்டது எனக் கொள்க. சிறுவேலை ஏறத்தாழ 61 செக்கனில் முடிந்துவிடும். ஆய்வுவேலை எப்போது முடியும்? அப்போதும் பத்து மணி ஒரு நிமிடத்திலேயே முடியும். செய்யவேண்டிய வேலையின் மொத்த அளவு மாறாமையாலும், செயலி ஒரு கணமும் வாளா இராமையாலும், இறுதியில் முடியும் வேலையின் முடிவுநேரம் மாறுவதில்லை.

ஆகவே நெடிய வேலைக்குரியவர் விட்டுக்கொடுத்ததனால் இழந்தது ஒன்றுமில்லை. காத்திருந்தவர் பெற்றதோ பாதிநேரம். சிறுவேலைகள் இடையறாது நாள்முழுதும் வந்துகொண்டேயிருப்பின் நெடிய வேலை பின்தள்ளப்படும் என்பது உண்மையே. ஆயின் விசைப்பலகைமுன் அமர்ந்திருக்கும் மனிதரின் வேலைகள் பெரும்பாலும் அத்தகையன அல்ல. அவர் ஒரு சொல்லைத் தட்டச்சிட்டுச் சிந்திக்கும் இடைவெளியில் செயலி நெடிய வேலையிடம் திரும்பிவிடும். கோர்பட்டோ குழுவினர் 1962இல் வகுத்த வரிசைகளின் பின்னேயிருந்த நியாயமும் இதுவே.

இயங்கும் முறைவழியை மாற்றுதல்

வேலையொன்றைத் தொடங்கும்போதே அதன் இணக்கத்தை வரையறுப்பது நைஸ் என்னும் கட்டளை. எண் எதனையும் குறியாது அதனைப் பயன்படுத்தின், வேலை தன் தாய் முறைவழியிடமிருந்து பெற்ற எண்ணோடு பத்துக் கூட்டப்படும். ஆயின், தொடங்கும்போது எல்லாம் முன்னறியப்படுவதில்லை. அரைமணியில் முடியுமென எண்ணித் தொடங்கிய வேலை ஒன்பது மணிநேரமாகியும் முடியாது, ஏனையோர் வேலைகளைத் தடைசெய்து நிற்றல் உண்டு. அப்போது பொறுமையிழந்தோர் அதனை அடியோடு அழித்துவிட முனைவர். ஒன்பது மணிநேரக் கணக்கு ஒரு கணத்தில் வீணாகும். அதனைத் தடுக்கும் வழியே ‘ரீநைஸ்’ என்னும் கட்டளை. இது 1980இல் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில் தோன்றியது.

அதனைப் பயன்படுத்துவோர் முதலில் எந்த முறைவழி செயலியை மிகுதியும் கொள்கின்றது என்பதை அறிதல் வேண்டும். ‘டொப்’ என்னும் செய்நிரல், இயங்கும் முறைவழிகளைச் செயலியைக் கொள்ளும் அளவின்படி வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றின் அடையாள எண்ணும் உரியவர் பெயரும் நைஸ் எண்ணும் அதிற் காணப்படும். அதன் அருகே முன்னுரிமை என மற்றோர் எண்ணும் உளது. சாதாரண முறைவழிக்கு அது நைஸ் எண்ணோடு 20 கூட்டிப் பெறப்படுவதாகும். பின்னர், ரீநைஸ் என்னும் சொல்லை அடுத்துப் புதிய எண்ணையும் முறைவழியின் அடையாள எண்ணையும் எழுதினால் மாற்றம் உடனே நிகழும். வேலை நிற்பதில்லை, இதுவரை செய்த கணக்கும் அழிவதில்லை. ஒரு பயனரின் எல்லா முறைவழிகளையும் அவர் பெயரைக் குறித்து ஒருங்கே மாற்றுதலும் இயலும். டொப் செய்நிரலுக்குள் இருந்தவாறே ‘ஆர்’ என்னும் எழுத்தை அழுத்தியும் இதனைச் செய்யலாம்.

ஒரு வேறுபாடு ஈண்டு குறிப்பிடத்தக்கது. நைஸ் கட்டளையில் எழுதும் எண், முன்னிருந்த எண்ணோடு கூட்டப்படுவது. லினக்ஸில் வழங்கும் ரீநைஸ் கட்டளையில் எழுதும் எண்ணோ பொதுவாக அப்படியே புதிய எண்ணாகக் கொள்ளப்படும். முன்பு ஐந்தாயிருந்த முறைவழிக்கு ரீநைஸ் கட்டளையாற் பத்தைக் குறிப்பின் அது பத்தேயாகும், பதினைந்தாகாது.

மேலும், முறைவழியொன்று பெறும் எண்ணை அதிலிருந்து பின்னர்ப் பிறக்கும் சேய் முறைவழிகளும் பெறும்; மாற்றத்துக்கு முன்னரே பிறந்துவிட்டவை பெறா. ஒரு முறைவழியினுள் இழைகள் எனப்படும் உட்பிரிவுகள் பல இயங்குதலும் உண்டு. லினக்ஸில் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி நைஸ் எண் உளது. எனவே அடையாள எண்ணைக் குறித்து ஒன்றை மாற்றியபின்னும் வேலை முன்போலச் செயலியைக் கவர்ந்துகொண்டிருப்பின், முன் பிறந்த சேய்களையோ ஏனைய இழைகளையோ ஆராய்தல் வேண்டும்.

யார் மாற்றலாம்?

சாதாரண பயனர் ஒருவர் தமக்குரிய முறைவழிகளின் நைஸ் எண்ணை உயர்த்தலாம், தாழ்த்தவியலாது. அதாவது, விட்டுக்கொடுக்கும் உரிமை யாவர்க்கும் உண்டு. முந்திக்கொள்ளும் உரிமை ரூட் எனப்படும் தலைமைப் பயனர்க்கும், அவரால் உரிமை வழங்கப்பட்டோர்க்குமே உண்டு. பிறருடைய முறைவழியை எவ்வகையானும் மாற்றச் சாதாரண பயனர்க்கு உரிமையில்லை. தம் வேலையைப் பத்துக்கு உயர்த்திய ஒருவர், பின்னர் மனம்மாறிப் பூச்சியத்துக்கு மீட்கவும் இயலாது. இக்கட்டுப்பாடு கடுமையாகத் தோன்றுதலின், 2005இல் வந்த 2.6.12 என்னும் பதிப்பிலிருந்து, இன்ன பயனர் இன்ன எண்வரை இறங்கலாமென நிருவாகி வரம்பு குறித்துவைக்க வழி செய்யப்பட்டது. வரம்பு குறிக்கப்படாவிடத்துப் பழைய விதியே நிலவும்.

இவ்விதியின் காரணம் வெளிப்படை. தம் வேலையே பெரிதென ஒவ்வொருவரும் கருதுவர். முந்தும் உரிமை யாவர்க்கும் இருப்பின், யாவரும் எதிர் 20ஐ நாடுவர். மேற்கூறியவாறு முன்னுரிமை என்பதே பொருளற்றதாகிவிடும்.

பயன்படா இடங்கள்

கணினி மெதுவாக இயங்கும்போதெல்லாம் நைஸ் எண்ணை மாற்றுவது, நோய் எதுவென அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். நைஸ் எண் செயலியின் நேரத்தையே பங்கிடுவது. நெருக்கடி வேறிடத்ததாயின் அதனாற் பெரும்பயன் விளையாது.

வன்தட்டிலிருந்து பெருங்கோப்புகளைப் படியெடுக்கும் முறைவழி செயலியைச் சிறிதே பயன்படுத்தும். வன்தட்டையோ முழுவதும் ஆக்கிரமிக்கும். அதற்கு ‘ஐஓநைஸ்’ என்னும் வேறு கட்டளை உளது. அது வன்தட்டு வேண்டுகோள்களை மூன்று வகுப்புகளாக்குகின்றது. மூன்றாவதாகிய ஓய்வு வகுப்பிலுள்ள முறைவழி, பிறர் எவரும் வன்தட்டை வேண்டாதபோது மட்டுமே அதனைப் பெறும். வேண்டுகோள்களை வரிசைப்படுத்தும் பகுதி அவ்வகுப்புகளை மதிக்கும் இயல்பினதாயின்தான் இதுவும் பயன்தரும். நினைவகம் போதாமையால் கணினி தடுமாறுமாயின் இவ்விரு கட்டளைகளும் அதனைத் தீர்க்கமாட்டா. நினைவகத்தை மிகுதியாகக் கொண்ட முறைவழியை முடிப்பதோ, நினைவகத்தைக் கூட்டுவதோதான் வழி.

மற்றொரு தடை அறிந்தோரையும் மயக்குவது. 2011ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த 2.6.38 என்னும் பதிப்பிலிருந்து, ஒரே அமர்விலிருந்து தொடங்கப்பட்ட முறைவழிகளைக் கரு ஒரு குழுவாகக் கருதும் ஏற்பாடு உளது. அவ்வேற்பாடு செயற்படுமிடத்து, நேரம் முதலிற் குழுக்களுக்குப் பகிரப்பட்டு, பின்னர் ஒவ்வொரு குழுவினுள்ளும் உறுப்பினர்க்குப் பகிரப்படும். கிணற்று நீரை முதலில் வீடுவீடாகப் பிரித்து, பின் ஒவ்வொரு வீட்டாரும் தம் பாத்திகளுக்குப் பிரித்துக்கொள்வதை இது ஒக்கும். ஒரு வீட்டார் தம் பாத்திகளுள் ஒன்றுக்குக் குறைத்தால் அவ்வீட்டின் மற்றைப் பாத்திக்கு மிகுமேயன்றி அயல்வீட்டார்க்கு மிகாது. அவ்வாறே, ஓர் அமர்விலுள்ள தனி முறைவழிக்கு நேர் 19 வழங்கியும், வேறோர் அமர்விலுள்ள முறைவழிக்கு ஒரு நன்மையும் விளையாமற் போகலாம். அந்நிலையில், முறைவழிகளைப் பற்றிய செய்திகளைத் தாங்கிய கோப்பகத்தில் அக்குழுவுக்கென அமைந்த கோப்பில் நைஸ் எண்ணை எழுதிக் குழுவின் பங்கையே மாற்றுதல் வேண்டும்.

முன்னுரிமை மட்டும் போதாது

இதுகாறும் கூறிய பங்கீட்டு முறைக்கு அப்பாற்பட்ட மேல்வகுப்பொன்றும் லினக்ஸில் உண்டு. குறித்த நேரத்துள் நிகழ்ந்தேயாகவேண்டிய வேலைகளுக்கென அமைந்த அதன் முன்னுரிமை 1 முதல் 99 வரை செல்லும். இதிற் பெரிய எண்ணே உயர்ந்தது. இவ்வகுப்பிலுள்ள முறைவழி இயங்க ஆயத்தமாயின், நைஸ் எண்ணால் ஆளப்படும் முறைவழிகள் யாவும் அதற்கு வழிவிடல் வேண்டும். அது தவறுதலாக முடிவில்லாச் சுழற்சியில் அகப்படின், கணினியை மீட்கும் கட்டளையும் இயங்க இடமில்லாமற் போகக்கூடும். இதனையுணர்ந்து, ஒவ்வொரு செக்கனிலும் 0.95 செக்கனுக்குமேல் இவ்வகுப்புக் கொள்ளாதவாறு 2008இல் வந்த 2.6.25 என்னும் பதிப்பில் ஒரு வரம்பு இடப்பட்டது. எஞ்சிய இருபதிலொரு பங்கு ஏனையோர்க்கு ஒதுக்கப்பட்டது.

உயர்ந்த முன்னுரிமை பெற்றதும் தாழ்ந்ததனாற் கட்டுண்ணும் என்பதற்கு 1997இன் நிகழ்ச்சியொன்று சான்றாகும். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி இடையிடையே தானாகவே மீளத்தொடங்கலாயிற்று. அதில் இயங்கியது லினக்ஸ் அன்று, விஎக்ஸ்வேர்க்ஸ் என்னும் வேறொரு முறைமை. ஆயினும் நேர்ந்த இடர் முன்னுரிமையையுடைய எம்முறைமைக்கும் பொதுவானது. வானிலைச் செய்தி திரட்டும் தாழ்ந்த முன்னுரிமை வேலை, பொதுவான தரவுப் பகுதியொன்றின் பூட்டைத் தன்பாற் கொண்டிருந்தது. தரவுப்பாதையை நிருவகிக்கும் உயர்ந்த வேலை அப்பூட்டுக்காகக் காத்துநின்றது. அவ்வேளை, பூட்டோடு தொடர்பில்லாத இடைநிலை வேலைகள் எழுந்து, தாழ்ந்ததைத் தள்ளிவிட்டுத் தாம் இயங்கின. தாழ்ந்தது இயங்காமையாற் பூட்டு விடுபடவில்லை. பூட்டு விடுபடாமையால் உயர்ந்தது இயங்கவில்லை. உயர்ந்த வேலை உரிய நேரத்தில் முடியாமை கண்ட காவல் ஏற்பாடு கணினியை மீளத்தொடக்கியது.

பொறியியலாளர் அதே வகைக் கணினியைப் பூமியில் இயக்கி இடரைக் கண்டுபிடித்தனர். பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த வேலை, அதற்காகக் காத்திருக்கும் உயர்ந்த வேலையின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறும் ஏற்பாடு அம்முறைமையில் முன்னரே இருந்தது. ஆனால் அப்பூட்டுக்கு அது செயற்படுத்தப்படவில்லை. பூமியிலிருந்து அனுப்பிய மாற்றத்தால் அது செயற்படுத்தப்பட்டதும் இடர் தீர்ந்தது. இவ்வேற்பாட்டின் கோட்பாட்டை லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜோன் லெஹொக்ஸ்கி என்போர் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்திருந்தனர். லினக்ஸிலும் பயனர் செய்நிரல்களின் பூட்டுகளுக்கு அத்தகைய ஏற்பாடு 2006இல் வந்த 2.6.18 என்னும் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. தாழ்ந்ததன் கையில் உயர்ந்ததற்கு வேண்டிய பொருள் இருக்குமாயின், தாழ்ந்ததை உயர்த்தினாலன்றி உயர்ந்ததும் உயராது என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

முடிபு

மேற்கூறியவற்றால், முன்னுரிமையை மாற்றுவோர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில போதரும். நெருக்கடி செயலியிலா, வன்தட்டிலா, நினைவகத்திலா என முதலில் ஆராய்க. செயலியிலாயின், அவசர வேலையை உயர்த்த முயல்வதினும் அவசரமற்ற நெடிய வேலையைத் தாழ்த்துக. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை, தவறினும் கேடு சிறிது. எதிர் எண்களையும் மேல்வகுப்பையும் காரணந் தெளிந்தாலன்றித் தொடாதிருக்க. ஒரு வேலையைச் சிறிதுநேரம் முற்றாக நிறுத்திவைத்துப் பின் தொடரச் செய்யும் சைகைகளும் லினக்ஸில் உள. அழித்தல் என்பது இவையெல்லாம் பயன்படாவிடத்துக் கொள்ளும் இறுதி வழியாகும்.

நெடிய வேலைக்குரியவர் தொடங்கும்போதே நேர் 19ஐக் குறித்துவிடுவாராயின் அவ்விறுதி வழிக்கு இடமே எழாது. அவர் வேலை இரவில் முழுச்செயலியையும் பெற்று நடக்கும். பகலில் பிறர் வரும்போது தானே ஒதுங்கும். அவர் சென்றதும் மீண்டும் நிரம்பும். பிறர் அவ்வேலை நடப்பதையே அறியார். அறியாமையால் அதனை அழிக்கவும் முனையார். விட்டுக்கொடுத்த வேலையே இடையூறின்றி முடியும் வேலையாகின்றது.